எல்லைக் கோடு கண்ணில் பட்ட காலம்

நெய்யாற்றின் கரையில் உள்ள ஒற்றசேகரமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள எல்லையோர ஊர்களிலும் கோவிட் நோயைவிட அதிக நாள் தங்கியவை இரண்டு: கடனும் மூடிய பள்ளிக்கூடமும்.

நெய்யாற்றின்கரையிலிருந்து பெருங்கடவிளை வழியாக வடகிழக்கே செல்லும் பஸ் சில மைல் தூரத்திலேயே சமதரையை விட்டுவிடுகிறது. சாலை ஏறுகிறது, இறங்குகிறது, எதிரே வரும் லாரிக்கு ஒதுங்கி நிற்கிறது. இருபுறமும் ரப்பர். ரப்பர் இல்லாத இடத்தில் மரச்சீனி, வாழை, தென்னை. அதுவும் இல்லாத இடத்தில் ஒரு வீடு, வீட்டு முற்றத்தில் கயிற்றில் காயும் ரப்பர் ஷீட்டுகள். கிழக்கே, மழை இல்லாத காலை வேளையில், அகஸ்தியர் மலைத் தொடர் நீலமாகத் தெரியும். ஆறு பெரும்பாலும் கண்ணுக்குப் படாமலே ஓடுகிறது. மண்டபத்தின்கடவு போன்ற இடங்களில்தான் சாலைக்கும் அதற்கும் நெருக்கம்.

திருவனந்தபுரம் மாவட்டம், காட்டாக்கடை தாலுகா என்பது ஒற்றசேகரமங்கலத்தின் இன்றைய அரசாங்க முகவரி. தாலுகா 2014இல் வந்தது; அதற்கு முன் நெய்யாற்றின்கரை தாலுகா. சட்டமன்றத் தொகுதி பாறசாலை. அம்பூரி, வெள்ளறடை, ஆரியங்கோடு, கள்ளிக்காடு, குன்னத்துகால், கொல்லயில், பெருங்கடவிளை ஆகிய அண்டை பஞ்சாயத்துகளும் அதே தொகுதிதான். வரைபடத்தில் இவற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் ஒரு புள்ளிக்கோடு போகிறது. கோட்டுக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதி.

அந்தக் கோட்டுக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் கேட்டது. கிடைக்கவில்லை. கோடு விழுந்த பிறகும் சம்பந்தம் பேசுவது, சந்தைக்குப் போவது, மீன் வாங்குவது, மலை ஏறிச் சாமி கும்பிடுவது எதுவும் மாறவில்லை. வெள்ளறடை பக்கத்துப் பனச்சமூட்டுச் சந்தையில் எந்தக் கடை எந்த மாநிலம் என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். எது எதில் கலந்தது என்று பிரிப்பது பண்டிதர்களின் வேலை. இரு அரசுகளுக்கும் இடையே நெய்யாற்றுத் தண்ணீர்த் தகராறு உண்டு. இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த நீர் 2004இல் நின்றது, இன்னும் தீரவில்லை. ஆனால் அது விவசாயிகளின், வக்கீல்களின் கவலை. சாதாரண மனிதரின் நடமாட்டத்தில் கோடு குறுக்கிட்டதில்லை.

2020இல் குறுக்கிட்டது.

இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று கேரளத்தில், திருச்சூரில்தான் கண்டறியப்பட்டார். சீனாவின் வூஹானில் இருந்து திரும்பிய மாணவி. மார்ச் 10 அன்று கேரள அரசு பள்ளிகளை மூட உத்தரவிட்டது. ஏழாம் வகுப்பு வரை ஆண்டுத் தேர்வு ரத்து. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்கு இரண்டு வாரச் சங்கடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதுவும் பாதியில் நின்றது. மார்ச் 23 அன்று மாநிலத்துக்கும், மறுநாள் நள்ளிரவு முதல் நாட்டுக்கும் ஊரடங்கு வந்தது. அதற்குள் ரயில்கள் நின்றுவிட்டன. பாறசாலை ஸ்டேஷனில் நின்று திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் ஆட்களைக் கொண்டுபோன நாகர்கோவில் பாசஞ்சரும் அதில் சேர்த்தி.

களியக்காவிளையில் போலீஸ் தடுப்பு. மே மாதம் முதல் பிற மாநிலங்களிலிருந்து கேரளத்துக்குள் வர ஆறே வாசல்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு இஞ்சிவிளை செக்போஸ்ட் ஒன்றுதான். கேரளத்துக்குள் வர 'ஜாக்ரதா' இணையதளத்தில் பதிவு, தமிழகத்துக்குள் போக இ-பாஸ். ஆனால் இந்தப் பகுதியின் உண்மையான எல்லை தேசிய நெடுஞ்சாலையில் இல்லை. இரண்டு வீட்டு மதில்களுக்கு நடுவே போகும் சந்துகளிலும், தோட்டத்து ஊடுவழிகளிலும், பஞ்சாயத்துச் சாலைகளிலும் இருக்கிறது. அவையும் அடைக்கப்பட்டன. நோயின் இரண்டாவது அலையில், 2021இல், மறுபடி அதே அடைப்பு. அரை மைல் தள்ளி இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக இருபது மைல் சுற்றி, செக்போஸ்டில் நின்று, போனில் வந்த பாஸைக் காட்ட வேண்டும் என்ற விதி, எழுதியவருக்கு நியாயமாகப் பட்டிருக்கலாம்.

ஊரடங்கு வந்த பருவத்தைக் கவனிக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்துத் தளிர்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் பால் குறைவு என்பதால் பலரும் வெட்டை நிறுத்திவிடுவார்கள். கோடை மழை விழுந்ததும் மறுபடி தொடங்குவார்கள். அதாவது மார்ச் கடைசி என்பது பால் வெட்டுகிறவரின் கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் சமயம். கடைக்காரரிடம் பற்று எழுதி, ஏப்ரலில் தீர்ப்பது வழக்கம். 2020இல் அந்த ஏப்ரல் வரவில்லை. வெட்டலாம் என்று அனுமதி கிடைத்தபோது ஷீட் வாங்கும் கடைகள் சரியாகத் திறக்கவில்லை. மழைக்காலத்தில் பட்டையை மூடுவதற்கான பிளாஸ்டிக்கும் பசையும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. அதைக் கட்டாவிட்டால் ஜூன், ஜூலை முழுவதும் வெட்டு இல்லை. விலையோ கிலோ 120 ரூபாய் அளவில் கிடந்தது. மாநில அரசின் ஆதரவு விலை 150 ரூபாய். வித்தியாசத்தை மானியமாகக் கொடுக்கும் திட்டம் அது. அந்தப் பணம் மரத்துச் சொந்தக்காரருக்குப் போகும். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அதில் பங்கில்லை. (2021 ஏப்ரல் முதல் ஆதரவு விலை 170 ஆனது, அந்த ஆண்டு சந்தை விலையே அந்த அளவைத் தொட்டது. நோய்க்காலத்தில் ரப்பர் மட்டும் தலைநிமிர்ந்தது ஒரு வேடிக்கை. உலகமே கையுறை மாட்டிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்.)

ரப்பர் ஒன்றுதான் என்றில்லை. ஒரு குடும்பம் ஒரே தொழிலில் பிழைப்பது இங்கே அபூர்வம். கணவர் கொத்தனார் அல்லது வெட்டுகாரர். மனைவி முந்திரி ஆலைக்கோ தொழிலுறப்பு வேலைக்கோ போவார். மகன் ஆட்டோ ஓட்டுவார் அல்லது வளைகுடாவில் இருப்பார். வீட்டில் உள்ள வயதானவர் லாட்டரிச் சீட்டு விற்பார். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும். 2020இன் கோளாறு, எல்லாம் ஒரே வாரத்தில் தவறியது. ஆலைகள் மூடின. கட்டட வேலை நின்றது. கேரள லாட்டரி மார்ச் 23 முதல் நின்று ஜூன் தொடக்கத்தில்தான் குலுக்கலுக்குத் திரும்பியது. வளைகுடாவில் வேலை போனவர்கள் மே 7 முதல் வந்த 'வந்தே பாரத்' விமானங்களில் திரும்பினார்கள். பாலராமபுரத்துக் கைத்தறிக்காரர்களுக்கு விஷு போயிற்று. வெள்ளைக் கசவு வேட்டியும் முண்டும் விற்கும் இரண்டு பருவங்களில் ஒன்று அது. அந்த ஆண்டு ஓணமும் ஒன்றும் பெரிதாகத் தேறவில்லை.

பசி இருந்ததா என்று கேட்டால், பட்டினி என்று சொல்லும்படி இல்லை என்பதே நேர்மையான பதில். ஏப்ரலில் ரேஷன் கடை வழியாக 17 பொருட்கள் கொண்ட இலவசப் பை வந்தது. செப்டம்பர் முதல் மாதந்தோறும் ஒரு பை. பஞ்சாயத்துகள் சமூகச் சமையலறை நடத்தின. பிறகு குடும்பஸ்ரீ பெண்கள் நடத்திய 'ஜனகீய' உணவகங்களில் 20 ரூபாய்க்குச் சோறு. முதியோர், விதவையருக்கான நலப் பென்ஷன் 1,300 ரூபாயிலிருந்து படிப்படியாக ஏறி 2021 ஏப்ரலில் 1,600 ஆனது. வீட்டில் பாட்டி ஒருவர் இருந்தால் அந்த மாதங்களில் அவர்தான் நிச்சய வருமானம் உள்ளவர். மருமகளின் குரலில் மரியாதை கூடியதாகக் கேலி செய்தவர்கள் உண்டு.

அதோடு சக்கை. பலாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மார்ச் முதல் ஜூன் வரை சக்கைக் காலம். மற்ற வருஷங்களில் கீழே விழுந்து அழுகும், அல்லது லாரியில் தமிழகம் போகும். லாரி ஓடாத அந்த வருஷம் சக்கைப் புழுக்கு, சக்கைக் கொட்டைத் தோரன், சக்கை வற்றல், கடைசியில் சக்கைக் கொட்டை 'ஷேக்' வரை கேரளம் முழுக்கச் சமையலறைகள் இதிலேயே மூழ்கின. தோட்டம் இல்லாதவர்கூட பக்கத்து வீட்டு மரத்தில் ஒன்று கேட்டு வாங்கலாம், யாரும் மறுப்பதில்லை.

வயிறு இப்படி ஓடியது. ரொக்கம்தான் இல்லை. மாநில அரசு மார்ச் 19 அன்றே அறிவித்த 20,000 கோடி ரூபாய்த் தொகுப்பில் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் வழியாக 2,000 கோடிக் கடன் அடக்கம். உறுப்பினருக்கு 5,000 முதல் 20,000 வரை. வட்டியை அரசு ஏற்கும். தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை கெடு நீட்டிக்க இடம் கொடுத்தது. கெடுதான் நீண்டதே தவிர வட்டி நிற்கவில்லை என்பது பலருக்கும் செப்டம்பரில்தான் விளங்கியது. தொழிலுறப்புத் திட்டத்தில் அந்த ஆண்டுக் கூலி கேரளத்தில் நாளுக்கு 291 ரூபாய், கோட்டுக்கு அப்பால் தமிழகத்தில் 256 ரூபாய். கேரளத்தில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். 2020-21இல் மாநிலத்தில் மொத்த வேலைநாட்கள் 10 கோடியைத் தாண்டின. வரப்பு வெட்டிய, கிணறு தோண்டிய, தோடு தூர்வாரிய அந்தக் காசில் எவ்வளவு ஒரு செல்போனாக மாறியது என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் சுவையாக இருந்திருக்கும்.

ஏனென்றால் ஜூன் 1 அன்று பள்ளி தொடங்கிவிட்டது. கட்டடம் திறக்கவில்லை, டி.வி. திறந்தது. கைட் விக்டர்ஸ் சானலில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பதினொன்றாம் வகுப்பு தவிர ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பாடங்கள். முதல் நாள் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் சொன்ன பூனைக் கதையைப் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் பார்த்தார்கள். அதே நாள் மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில் தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பதினான்கு வயது. வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது, ஸ்மார்ட்போன் இல்லை, கூலி வேலைக்குப் போகும் தந்தைக்கு வேலை இல்லை. அரசின் கணக்கெடுப்பிலேயே டி.வி.யோ இணையமோ எட்டாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். எல்லாம் தயார் என்று சொல்லித் தொடங்கிய ஒரு திட்டத்தில் 2.6 லட்சம் பேர் விட்டுப்போனது சிறு கவனக்குறைவு அல்ல.

அதன் பிறகு ஓட்டம் தொடங்கியது. வாசகசாலைகள், அங்கன்வாடிகள், குடும்பஸ்ரீ அறைகளில் டி.வி. வைத்தார்கள். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் புண்ணியத்தில் கேரளத்துக் கிராமங்களில் ஒரு வாசகசாலைக் கட்டடமாவது இருக்கும். பல இடங்களில் அது வகுப்பறை ஆனது. ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் அமைப்புகளும் பழைய பித்தளை, பழைய பேப்பர் சேகரித்து விற்றும், மீன் விற்றும் டி.வி. வாங்கிக் கொடுத்தன. ஆனால் டி.வி. பாடம் அரை மணி நேரம்தான். வீட்டுப்பாடமும் சந்தேகமும் வாட்ஸ்ஆப்பில். ஆகவே போன் வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குப் போனால் அவரோடு போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பிய பிறகுதான் கணக்கு டீச்சர் காலையில் அனுப்பியதைப் பார்க்க முடியும்.

போன் எப்படி வந்தது? பெரும்பாலும் தங்கத்திலிருந்து வந்தது. 2020 ஆகஸ்ட் முதல் வாரம் கேரளத்தில் பவுன் விலை 42,000 ரூபாயைத் தொட்டது. அடகு வைத்தால் முன்னைவிட அதிகம் கிடைக்கும் என்பது அந்த வருஷத்தின் ஒரே நல்ல செய்தியாகப் பட்டது. கம்மல் போய் போன் வந்தது. அரசு 'வித்யாஸ்ரீ' என்று குடும்பஸ்ரீ, கே.எஸ்.எஃப்.இ. சிட்டி சேர்த்து ஒரு திட்டம் போட்டது: மாதம் 500 வீதம் 30 மாதம் கட்டினால் 15,000 ரூபாய் லேப்டாப். கட்டுவதற்குப் பெண்கள் தயங்கவில்லை. லேப்டாப்தான் தயங்கியது. அது வந்து சேருவதற்குள் பல பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். வந்தவற்றில் பழுதானவையும் இருந்தன.

சிக்னல் என்று ஒன்றும் இருக்கிறது. ஒற்றசேகரமங்கலத்தில் மேட்டில் ஏறி நின்றால் சமாளிக்கலாம். கிழக்கே அம்பூரியில், நெய்யாறு அணையின் நீருக்கு அக்கரையில் காணிக்காரர்களின் குடியிருப்புகளில் அதுவும் கடினம். 1958இல் எழும்பிய அணை அவர்களை ஊரிலிருந்து நீரால் பிரித்தது. கும்பிச்சல் கடவில் தோணி ஏறித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். தோணித்துறை, பஸ், பள்ளி என்று போன நாளில் அவர்களுக்குக் கிடைத்தது பாடம் மட்டுமல்ல, மதியச் சோறும் கூட. பள்ளி மூடியபோது அந்தச் சோற்றுக்குப் பதில் அரிசியும் மளிகையும் பையாக வந்தன. பாடத்தைப் பையில் போட்டு அனுப்ப முடியவில்லை.

கோட்டுக்கு அப்பாலும் கதை இதேதான், சானல் பெயர் வேறு: கல்வித் தொலைக்காட்சி. தமிழகம் 2020இல் பத்தாம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்து எல்லோரையும் தேர்ச்சி என்றது. கேரளம் பிடிவாதமாக மே 26 முதல் 30 வரை மிச்சத் தேர்வுகளை நடத்தியது. முகக்கவசம், கைகழுவ சோப்பு, காய்ச்சல் பார்க்கும் கருவியோடு வாசலில் ஆசிரியர். தேர்ச்சி 98.82 சதவீதம். அடுத்த ஆண்டு, வகுப்பறையை அதிகம் பார்க்காத தொகுதி எழுதியபோது, 99.47. எல்லாப் பாடத்திலும் ஏ-பிளஸ் வாங்கியவர்கள் 41,906 பேரிலிருந்து 1,21,318 ஆனார்கள்! முக்கியப் பகுதி மட்டும் படித்தால் போதும், கேள்விகளில் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்ததன் விளைவு. 2022இல் அது மறுபடி 44,363க்கு இறங்கியது. கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குச் சலுகை கொடுத்ததில் தவறில்லை. ஆனால் பிளஸ் ஒன்னில் இடம் கிடைக்காமல் முழு ஏ-பிளஸ் பிள்ளைகளும் அலைந்தபோது, அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய பெற்றோருக்கு யார் விளக்குவது?

இளம் வகுப்புகளின் கணக்கு பின்னால் வந்தது. ஏசர் ஆய்வின்படி 2018இல் கேரளத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 52.1 சதவீதம் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது, 2022இல் 38.7 சதவீதம். தமிழகத்தில் 10.2 என்று ஏற்கனவே தாழ்ந்திருந்தது 4.8 ஆனது. தமிழகம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பியது 2021 அக்டோபர் கடைசியில். இந்திய அளவில் வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ள மாணவர்கள் 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 2020இல் 61.8 ஆனார்கள். கேரளத்தில் பத்தில் ஒன்பது வீட்டுக்கு மேல் போன் இருந்தது. இருந்தும் எழுத்துக் கூட்டுவது நழுவியது.

இரண்டாவது அலை 2021 மே 8 அன்று மறுபடி ஊரடங்கைக் கொண்டுவந்தது. ஜூன் நடுவில் தளர்த்தியபோது ஒரு புதுமை: பஞ்சாயத்து வாரியாக நோய்ப் பரிசோதனை விகிதத்தைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். 8 சதவீதத்துக்குக் கீழே ஏ, 30க்கு மேலே டி. ஏ என்றால் கடை தினமும் திறக்கலாம். டி என்றால் அநேகமாகப் பூட்டு. வாரந்தோறும் தரம் மாறும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்தில் பஞ்சாயத்துகளுக்கு மார்க் போட்டார்கள். சாலையின் இந்தப் பக்கம் ஒரு பஞ்சாயத்து, அந்தப் பக்கம் இன்னொன்று என்றால் எதிரெதிர் டீக்கடைகளில் ஒன்று திறந்திருக்கும். மாநில எல்லையே போதாதென்று பஞ்சாயத்து எல்லையும் கண்ணில் பட்ட காலம் அது. ஆகஸ்டில் வேறு கணக்குக்கு மாறி, அதுவும் மெல்ல வழக்கொழிந்தது.

2021 நவம்பர் 1 திங்கட்கிழமை கேரளத்தில் பள்ளிகள் திறந்தன. அன்றே தமிழகத்திலும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திறந்தன. கோட்டின் இருபுறமும் ஒரே காலையில் மணி அடித்தது. கோடு பிறந்து அன்றைக்குச் சரியாக 65 ஆண்டு. அப்படி யாரும் திட்டமிடவில்லை. கேரளத்தில் பாதி வகுப்புக்குச் சில நாள், மறுபாதிக்கு வேறு சில நாள், மதியம் வரை மட்டும். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பள்ளி வாசலைத் தாண்டியது, நேராக இரண்டாம் வகுப்புக்குள். டீச்சரை டி.வி.யில் பார்த்துப் பழகிய அந்தப் பிள்ளைகள், எதிரே நிற்கிறவர் கேள்விக்குப் பதில் எதிர்பார்க்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளச் சில நாள் ஆனது.

இரு மாநில பஸ்கள் எல்லை தாண்ட மேலும் ஒரு மாதம் பிடித்தது. இருபது மாதங்களுக்குப் பின் டிசம்பர் 1 அன்றுதான் தமிழக அரசின் அனுமதி வந்தது. அதுவரை களியக்காவிளை வரை ஒரு பஸ், இறங்கி நடை, அப்புறம் இன்னொரு பஸ். எல்லை கடந்து கல்லூரிக்குப் போன பிள்ளைகள் இரண்டு டிக்கெட்டுக்குக் காசு தேட வேண்டியிருந்தது. சில வீடுகளில் அடகுக் கம்மலுக்கு வட்டி கட்டியது போக மிச்சத்தில்தான் அந்தக் காசு.